கடன் அட்டை பாக்கிக்கு லோக் அதாலத்: போய்வந்தவரின் மதிப்புரை

வேலை இல்லாமல் இருந்த பதினாறு மாதங்களில், கடன் அட்டையில் நான் வைத்திருந்த 1,18,000 ரூபாய் பாக்கி, வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறி 2 லட்சத்தைத் தாண்டியது. தேசிய லோக் அதாலத்துக்கு வரச் சொல்லி அறிவிப்பு வந்தபோது, வீட்டில் அனைவரும் அதை வழக்கு என்றே எண்ணி அஞ்சினோம். உண்மையில் அது, வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பதற்காக, 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி நடத்தப்படும் அமர்வு.

கட்டணம் எதுவும் இல்லை. இதற்கு முன் நான் அணுகிய தனியார் கடன் தீர்வு நிறுவனம் ஒன்று, வங்கியிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே மாதக் கட்டணம் கேட்டது. இங்கே வழக்கறிஞர்கூடக் கட்டாயமில்லை. வேண்டுமானால், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற உதவி எண்ணில் விசாரிக்கலாம்.

ஆனால், அமர்வில் இருக்கும் நீதிபதி, தொகையைக் குறைக்கும்படி வங்கிக்கு ஆணையிட முடியாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டுமே தீர்வு. ஆகவே எவ்வளவு தர முடியும், எத்தனை தவணையில் தர முடியும் என்ற கணக்கோடும், வேலை போனதற்கான கடிதத்தோடும், வங்கிக் கணக்குப் புத்தகத்தோடும் போனேன். 1,85,000 ரூபாயில் தொடங்கிய வங்கி அலுவலர், அவற்றைப் பார்த்தபின் படிப்படியாக இறங்கி, மூன்று தவணைகளில் 1,30,000 ரூபாய்க்குச் சம்மதித்தார்.

என் கவலை முழுவதும் கையெழுத்திடும் தாளைப் பற்றியது. லோக் அதாலத்தின் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் வங்கி புதிதாக வழக்குப் போடாமலே அதை நிறைவேற்றக் கோரலாம். வங்கி எழுதிவந்த வரைவில், ஒரு தவணை ஒரு நாள் பிந்தினாலும் பழைய முழு பாக்கியையும் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். நீதிபதி வங்கியிடம் பேசி, அதன் சம்மதத்தோடு அதைச் சேர்த்து எழுதச் செய்தார். கூட்ட நெரிசலில் அவசரப்படுத்துவார்கள் என்றாலும், அந்தத் தாளை வரிவரியாகப் படிக்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

முழுத் தொகையும் கட்டாமல் முடித்த கணக்கு, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்றே ஆண்டுக்கணக்கில் நிற்கும். சமரசத்தில் கடனை முடித்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதங்களுக்குப் புதிய கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023இல் விதி வகுத்தது. ஓரிரு ஆண்டுகளில் வீட்டுக்கடன் வாங்க நினைப்பவர்கள் இதைச் சிந்தித்தே முடிவெடுக்க வேண்டும்.

சில மாதங்களுக்குள் ஒரு தொகையைப் புரட்டக்கூடியவர்களுக்கு இந்த வழியை மனமாரப் பரிந்துரைப்பேன். வருமானமே இல்லாதவர்கள், அந்த நாளின் நெருக்கடியில் கட்ட முடியாத தவணைக்கு ஒப்புக்கொண்டு வந்துவிடக் கூடாது. ஒப்பாமல் எழுந்து வரவும் உரிமை உண்டு. கடைசித் தவணை முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றிதழை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எனக்கு அது இருமுறை கடிதம் எழுதிய பிறகே வந்தது.