பாளையங்கோட்டையில் கேஸ் வேலை: யாரைக் கூப்பிட்டோம், எவ்வளவு ஆனது

இந்த முறை ஊருக்குப் போனபோது இரண்டு கேஸ் வேலைகள் காத்திருந்தன. அம்மா வீட்டு அடுப்பு, டியூப், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் ஒரு தடவை முறையாகப் பார்க்கச் சொல்வது ஒன்று. தம்பி கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் சிலிண்டரை வெளியே வைத்து அடுப்படிக்குக் காப்பர் லைன் இழுப்பது இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் தலையில்தான் பெரும்பாலும் இந்த வேலைகள் விழுகின்றன, அதனால் செலவோடு எழுதுகிறேன்.

நான் இருப்பது லண்டனில். அங்கே கேஸ் வேலை செய்கிறவர்களுக்கான பதிவேடான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு இல்லாத ஆள் கூலிக்கு வந்து வீட்டு கேஸ் வேலையில் கை வைப்பது சட்டப்படி குற்றம். 2009 வரை கோர்கி என்று இருந்தது, அதற்குப் பதிலாக வந்தது இது. வருகிறவர் படம் போட்ட அட்டை வைத்திருப்பார். அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும், பாய்லர் பார்க்கிறவருக்கு சமையல் அடுப்பு இணைக்கத் தகுதி இல்லாமலும் இருக்கலாம். கடைசியாக எங்கள் வீட்டில் அடுப்பை மாற்றி இணைக்க மட்டும் 120 பவுண்டு ஆனது, நம் காசில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அடுப்பு விலை தனி.

ஊரில் வீட்டு அடுப்புக்கு அந்த இடத்தில் இருப்பது கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக். எண்ணெய் நிறுவனங்களின் கட்டாயப் பரிசோதனை 5 வருடத்துக்கு ஒரு முறை, கட்டணம் ஜிஎஸ்டியோடு சேர்த்து 236 ரூபாய். இவ்வளவு குறைவாக இருந்தும் ஏன் பலர் செய்வதில்லை என்றால் ஆள் வருவதில்லை, அதுதான் காரணம். போன் செய்தால் "இன்னைக்கு அனுப்புறோம்" என்பார்கள், நாள் போகும். அதற்குள் பக்கத்து வீட்டில் யாராவது தெருவில் அடுப்பு ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டி வந்துவிடுவார்கள். எங்களுக்கும் வந்தார். பர்னரை நன்றாகவே சுத்தம் செய்து கொடுத்தார், 250 ரூபாய், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் பையிலிருந்து எடுத்த டியூபில் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. டியூபை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே ஏஜென்சிக்கு நேரில் போய் நின்றேன், மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார்.

வந்தவர் சோப்புத் தண்ணீர் தடவி ரெகுலேட்டர், வால்வு, அடுப்பு முனை எல்லாம் பார்த்தார். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபில் அச்சிட்டிருந்த தேதி தாண்டியிருந்தது. அதன் ஆயுளும் 5 வருடம்தான். புதிது மாட்ட 190 ரூபாய், பரிசோதனைக் கட்டணத்தோடு சேர்த்து 426. அப்புறம் மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரியில் சிலிண்டர் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இப்படி மூடி வைக்கக் கூடாது, காத்துப் போக வழி வேணும்" என்றார். அன்றைக்கே கதவைக் கழற்றிவிட்டோம்.

லண்டன்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் அங்கே பழகிய குழாய் கேஸ் காற்றைவிட லேசானது, மேலே போகும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அங்கிருந்து கேஸ் அலாரம் வாங்கிக்கொண்டு போய் அம்மா வீட்டில் சீலிங் பக்கத்தில் மாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், அது உதவாது. சிலிண்டர் கேஸுக்கு என்று உள்ளதை வாங்கித் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழைக்கச் சொல்லிக் கொடுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எங்கள் அம்மாவின் போனில் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

பில் கேட்டு வாங்குவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, காப்பீடுதான் காரணம். சிலிண்டர் வாடிக்கையாளர்களுக்காக எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு வைத்திருக்கின்றன, தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. முத்திரை இல்லாத டியூபை மாட்டி வைத்துக்கொண்டு அந்தப் பணத்தைக் கேட்டுப் போய் நிற்க முடியுமா?

தம்பி வீட்டு லைன்தான் யோசிக்க வைத்தது. வீட்டுத் தண்ணீர் லைன் போட்ட பிளம்பரே 6,500-க்கு முடித்துத் தருகிறேன் என்றார். எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "கேஸைத் திறந்து சோப்புப் போட்டுப் பார்த்துருவோம் அண்ணாச்சி" என்றார். இரண்டாவது ஆள் ஏஜென்சியில் விசாரித்துக் கிடைத்தவர், ஹோட்டல் சமையலறைகளுக்கு லைன் போடுகிறவர், பொருளோடு 11,000 கேட்டார். சுவருக்குள் குழாயோடு குழாய் சேரும் இணைப்பே வரக் கூடாது, சுவரைத் தாண்டும் இடத்தில் குழாய்க்கு வெளியே இன்னொரு உறை வேண்டும், அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி தனி வால்வு வேண்டும், தூரத்துக்கு ஏற்ற அளவில் குழாய் எடுக்காவிட்டால் இரண்டு பர்னரைச் சேர்த்து ஏற்றும்போது தீ இறங்கிவிடும் என்று நாங்கள் கேட்காமலே அடுக்கினார். கேஸ் விடுவதற்கு முன்னால் காற்றை ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி முள் இறங்குகிறதா என்று பார்ப்பேன் என்றும் சொன்னார். தம்பிக்கு 4,500 வித்தியாசம் உறுத்தியது, வீடு கட்டுகிறவனுக்கு உறுத்தாமல் இருக்குமா. ஆனால் பூச்சு வேலை முடிந்துவிட்டால் அந்தக் குழாயை அப்புறம் யாரும் பார்க்கப் போவதில்லை, சந்தேகம் வந்தால் சுவரை உடைக்க வேண்டும். அதனால் இரண்டாவது ஆளுக்கே கொடுத்தோம்.

முன்பணம் பாதி, மீதி கேஜ் சோதனை முடிந்த பிறகு என்று முதலிலேயே பேசிக்கொண்டோம், அவரும் மறுக்கவில்லை. பூசுவதற்கு முன் குழாய் போகிற பாதையைப் போட்டோ எடுத்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, பில்லோடு சேர்த்து வைத்தாயிற்று. நாளைக்கு அலமாரி அடிக்க வருகிற ஆசாரிக்கு டிரில் போடுவதற்கு முன் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.