பெரி மினியேச்சர்ஸின் ‘பிரிட்டிஷ் காலாட்படை: ஆப்கானிஸ்தான், சூடான் 1877–85’ – ஒரு மதிப்புரை

விக்டோரியா மகாராணியின் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய் என்றதும் பெரும்பாலோர் மனக்கண்ணில் தோன்றுவது செஞ்சட்டையும் வெள்ளைத் தலைக்கவசமும்தான். அந்தச் செஞ்சட்டை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 1870களின் கடைசியிலிருந்து 1885 வரை, ஒரு போரில் காக்கி, அடுத்த போரில் சாம்பல், மீண்டும் சிவப்பு என்று தடுமாறித் தடுமாறித்தான் அது போர்க்களத்தை விட்டு விலகியது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து இயங்கும் பெரி மினியேச்சர்ஸ் நிறுவனம் வெளியிட்டுள்ள இந்தப் பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டி, அந்த எட்டாண்டு காலத்தை முழுவதும் ஒரே அச்சில் நம் கையில் கொடுத்துவிடுகிறது. எந்த ஆண்டு, எந்தப் போர்க்களம் என்பதை வண்ணம் தீட்டுபவரே முடிவு செய்கிறார். அந்த முடிவுதான் பொம்மையின் அடையாளமாகிறது. இந்தப் பெட்டியை நான் மனதாரப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுவே.

நிறுவனத்தை நடத்தும் ஆலன் பெரியும் மைக்கேல் பெரியும் இரட்டையர்கள். பல்லாண்டுகள், போர் விளையாட்டுப் பொம்மைகள் செய்யும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தில் சிற்பிகளாகப் பணியாற்றியவர்கள். பழங்காலப் போர்களை உரிய உடையோடு நடித்துக்காட்டும் நிகழ்வொன்றில் நேர்ந்த பீரங்கி விபத்தில் மைக்கேல் தம் வலக்கையை இழந்தார். அதன்பின் இடக்கையால் செதுக்கப் பழகி, இன்றுவரை அதே தரத்தில் உருவங்களைப் படைத்து வருகிறார். இருவரும் சீருடை வரலாற்றில் ஊறியவர்கள் என்பது அவர்கள் செய்யும் ஒவ்வொரு பொம்மையிலும் தெரிகிறது. தோளில் பட்டை எங்கே தொடங்கி இடுப்பில் எங்கே முடிகிறது, எந்தப் பை எதன்மேல் தொங்குகிறது என்பதையெல்லாம் ஊகத்துக்கு விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். படம் பார்த்துச் செய்த பொம்மைக்கும், அதே உடையை உடுத்தி நடந்தவர் செய்த பொம்மைக்கும் உள்ள வேறுபாடு தூரிகையை வைத்தவுடன் புலப்படும்.

உருவங்கள் 28 மி.மீ. அளவைச் சேர்ந்தவை, கெட்டியான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. உடல், தலை, கை, துப்பாக்கி ஆகியவை தனித்தனியாகச் சட்டகத்தில் ஒட்டியபடி வருகின்றன. நாம்தான் வெட்டியெடுத்து, விளிம்புகளைச் சுரண்டி, பிளாஸ்டிக் பசையால் ஒட்ட வேண்டும். வண்ணமும் பசையும் பெட்டியில் இருக்காது. ஒரே உடலுக்கு வெவ்வேறு தலைகளையும் கைகளையும் பொருத்த முடிவதால், ஒரு கம்பெனிப் படைப்பகுதியை வரிசையாக நிறுத்தினாலும் இரண்டு பேர் ஒரே மாதிரி நிற்பதில்லை. சுடுவதற்குக் குறிபார்ப்பவன், தோட்டா திணிப்பவன், உத்தரவுக்குக் காத்து நிற்பவன் என்று ஒரு பிரிவின் இயல்பான அசைவு தானாக வந்துவிடுகிறது. பல நிறுவனங்களின் பிளாஸ்டிக் பொம்மைகளில் கைகள் தோளோடு சேராமல் ஒட்டவைத்த பொம்மலாட்டப் பாவை போலத் தெரியும். இதில் அந்தக் குறை கண்ணில் படவில்லை.

இனி, வண்ணத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டியின் சுவை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

1879ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஜனவரி 22ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் ஜூலு படையிடம் அழிந்த 24ஆம் படைப்பிரிவினர் சிவப்புச் சட்டையும், கழுத்துப்பட்டையிலும் கைமுனையிலும் புல்பச்சை நிறமும் கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில் ஆப்கானிஸ்தானில் போரிட்ட அதே அரசின் படைகளோ காக்கியில் இருந்தன. அந்தக் காக்கியும் ஒரே நிறமல்ல. வெள்ளைப் பருத்திச் சட்டைகளைக் கிடைத்த சாயத்தில் முக்கியெடுத்ததால், மஞ்சள் கலந்த மணல் நிறம் முதல் பழுப்பு, வெளிறிய சாம்பல் வரை பல சாயல்கள் ஒரே பிரிவுக்குள்ளேயே காணப்பட்டன. ஆகவே ஆப்கான் களத்துக்கு வண்ணம் தீட்டுபவர் ஒரே புட்டியிலிருந்து எல்லோருக்கும் பூசினால், பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. வாயேஹோ நிறுவனத்தின் ‘ஈராக்கி சாண்ட்’ வண்ணத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, சில உருவங்களுக்கு ஒரு சொட்டு ‘பஃப்’ (வெளிறிய மஞ்சட்பழுப்பு), சிலவற்றுக்கு ஒரு சொட்டு பழுப்பு, சிலவற்றுக்குச் சற்று வெள்ளை என்று கலந்து பூசினால் பிரிவு உயிர்பெறுகிறது. தலைக்கவசத்துக்கும் சட்டைக்கும் ஒரே கலவையைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. இரண்டும் வெவ்வேறு துணி, வெவ்வேறு முறை சாயம் ஏற்றப்பட்டவை.

1880 ஜூலை 27இல் ஆப்கானிஸ்தானின் மைவாந்தில் ஆப்கான் இளவரசர் அயூப் கானின் படையிடம் நொறுங்கிய 66ஆம் பெர்க்‌ஷயர் படைப்பிரிவைத் தீட்ட விரும்புவோருக்கு இந்தப் பெட்டியைவிட நல்ல தொடக்கம் இல்லை. அந்தப் படைப்பிரிவின் கடைசிப் பதினொரு பேர் ஒரு தோட்டத்தின் அருகே நின்று மடியும்வரை போரிட்டார்கள். அவர்களோடு இருந்த பாபி என்ற நாய் காயத்தோடு தப்பி, மறு ஆண்டு மகாராணியின் கையால் பதக்கம் பெற்றது. அதன் பதப்படுத்தப்பட்ட உடலை இன்றும் இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரிலுள்ள படைப்பிரிவு அருங்காட்சியகத்தில் காணலாம்.

சூடான் களம் வேறு. 1884இன் தொடக்கத்தில் செங்கடல் கரையிலுள்ள சுவாகினில் இறங்கிய படைகளில், எகிப்திலிருந்து வந்தவை பெரும்பாலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை அணிந்திருந்தன. இந்தியா, ஏடன் பக்கமிருந்து வந்தவை காக்கியில் வந்தன. பிப்ரவரி 29இல் எல் டெப், மார்ச் 13இல் தமாய் ஆகிய இரு போர்களிலும் இந்த இரு நிறங்களும் அருகருகே நின்றன. ஒரே மேசையில் இரண்டையும் வைத்துப் பார்க்கும்போதுதான் அக்காலப் படை எவ்வளவு கலவையான தோற்றம் கொண்டது என்பது விளங்குகிறது. சாம்பலைத் தீட்டுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தமான சாம்பல் வண்ணத்தை அப்படியே பூசினால் பொம்மை கல்லில் செதுக்கியதுபோல உயிரற்றுப் போகும். அடிப்பூச்சில் நீலம் ஒரு துளியும், மேல்வெளிச்சத்தில் (மேடான இடங்களில் இடும் வெளிர் பூச்சில்) மணல் நிறம் ஒரு துளியும் சேர்த்தால் கம்பளித் துணியின் தன்மையும் பாலைவனத் தூசியும் ஒருங்கே கிடைக்கும்.

பிறகு, 1885 டிசம்பர் 30. சூடானின் கின்னிஸ் என்ற இடத்தில் நடந்த அந்தச் சண்டையில் பிரிட்டிஷ் காலாட்படை மீண்டும் சிவப்பு அணிந்து நின்றது. செஞ்சட்டையோடு பிரிட்டிஷ் படை போரிட்ட கடைசிக் களம் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். இந்தப் பெட்டியிலிருந்து நான்கைந்து உருவங்களை மட்டும் எடுத்து, அங்கே போரிட்ட டர்ஹாம் லைட் இன்ஃபண்ட்ரியாகச் சிவப்பில் தீட்டுவதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். 1881ஆம் ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு கழுத்துப்பட்டை நிறங்கள் எளிமையாகிவிட்டதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: அரச பட்டம் பெற்ற பிரிவுகளுக்கு நீலம், இங்கிலாந்து, வேல்ஸ் பிரிவுகளுக்கு வெள்ளை, ஸ்காட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்துக்குப் பச்சை. டர்ஹாமுக்கு வெள்ளை. அதற்கு முன்னிருந்த பல பச்சைகளும் பஃப்களும் கறுப்புகளும் ஒரே உத்தரவில் போய்விட்டன. சேகரிப்பவர்களுக்கு அது இழப்புதான்.

சிவப்பு பிடிவாதமான நிறம். கறுப்பு அடிப்பூச்சின்மேல் எத்தனை முறை பூசினாலும் மங்கலாகவே நிற்கும். செம்பழுப்பில் அடிப்பூச்சு போட்டு, அதன்மேல் ‘ஃபிளாட் ரெட்’ வண்ணத்தை நீர்க்க இரு பூச்சாகப் பூசி, மடிப்புகளின் மேட்டில் மட்டும் ‘வெர்மிலியன்’ தொட்டால் போதும். மேல்வெளிச்சத்துக்கு வெள்ளை கலக்கவே கூடாது. கலந்தால் ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சுதான் சரி.

இந்த உருவங்களில் என்னை மிகவும் கவர்ந்த சிறு பகுதி துப்பாக்கி. மார்ட்டினி–ஹென்றி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. விசைக்குப் பின்னால் கீழ்நோக்கி நீளும் நெம்புகோலை இழுத்தால் தோட்டா அறை திறக்கும். அந்த நெம்புகோல் இந்தப் பொம்மையில் ஒரு மயிரிழை அளவுதான், ஆனாலும் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மரக்கட்டைக்குச் செம்பழுப்பு பூசியபின், நுனி கூரான தூரிகையால் அந்த ஒரு கோட்டில் மட்டும் எஃகு நிறத்தை இழுத்தால், துப்பாக்கி எந்தக் காலத்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ‘000’ எண்ணுள்ள மிக நுண்ணிய தூரிகையை இதற்குத் தேட வேண்டாம். அது வண்ணத்தை மேசையிலிருந்து பொம்மைக்கு வருவதற்குள் உலர்த்திவிடும். நல்ல நுனியுள்ள 1ஆம் எண் தூரிகையே மேல்.

தோல் பட்டைகளும் அதே அளவு கவனம் வேண்டுபவை. 1871ஆம் ஆண்டு முறையிலான அந்தப் பட்டைத் தொகுதியில் முன்னால் இரு தோட்டாப் பைகளும் உதிரித் தோட்டாக்களுக்குத் தனியாக ஒரு பையும் உண்டு. முன்பைகளில் இருபது இருபதும் மூன்றாவதில் முப்பதுமாக, ஒரு சிப்பாய் 70 தோட்டாக்கள் சுமந்தான். அணிவகுப்பில் பட்டைகள் வெண்களிமண் பூசிப் பளிச்சென்று இருக்கும். களத்திலோ அவற்றைத் தேயிலைச் சாயத்தாலும் மண்ணாலும் வேண்டுமென்றே மங்கச் செய்தார்கள், தலைக்கவசத்தையும் அவ்வாறே. எனவே சுத்த வெள்ளையைக் கடைசிவரை தொடாமல், பழுப்பேறிய தந்த நிறத்தில் நிறுத்திக்கொள்வதே போர்க்களத் தோற்றத்துக்குப் பொருந்தும்.

குறைகள் இல்லாமலில்லை. பிளாஸ்டிக் வார்ப்பு இரு பாதி அச்சுகளுக்கு நடுவே நடப்பதால், உடலின் பக்கவாட்டில் விழும் நுணுக்கங்கள் முன்பக்கம்போல் ஆழமாக வருவதில்லை. உணவுப் பையும் தண்ணீர்க் குடுவையும் சேரும் இடத்தில் எல்லைக்கோட்டைத் தூரிகைதான் வரைய வேண்டியிருக்கிறது. துப்பாக்கி முனையின் நீண்ட ஈட்டி மிக மெல்லியது. சட்டகத்திலிருந்து வெட்டும்போது ஈட்டியின் பக்கமாக வெட்டாமல், சற்றுத் தள்ளி வெட்டிப் பிறகு கத்தியால் சீவுவது பாதுகாப்பு. இத்தொழிலில் முதன்முறை இறங்குபவருக்கு ஒட்டும் வேலையே பெரிய தடையாகத் தோன்றலாம். அவர்கள் இதே நிறுவனத்தின் உலோக சூடான் வரிசையிலிருந்து சில உருவங்களோடு தொடங்கலாம். உலோகத்தில் நுணுக்கம் கூர்மை, ஒட்டும் வேலை குறைவு, ஆனால் ஓர் உருவத்தின் விலை கூடுதல்.

இந்தப் பெட்டியை எல்லாப் போருக்கும் பொதுவானதாக எண்ணிவிடவும் கூடாது. 1885 ஜனவரி 17இல் அபு கிளேயாவில் சதுர வியூகத்தில் நின்ற படையில் பெரும்பகுதி ஒட்டகப் படையினர். அவர்களின் காற்சட்டையும் தோட்டா வாரும் வேறு. அங்கே இருந்த ராயல் சசெக்ஸ் காலாட்படையினருக்கு மட்டுமே இவ்வுருவங்கள் நேராகப் பொருந்தும். ஸ்காட்லாந்து கில்ட் அணிந்த பிரிவுகளுக்கும் வேறு உருவங்களைத்தான் நாட வேண்டும்.

எதிர்ப்படையையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சூடானில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மதத்தலைவர் மஹ்தியின் அன்சார் வீரர்களையும் இந்நிறுவனம் பிளாஸ்டிக்கில் தருகிறது. தமாயில் மஹ்தியின் தளபதி உஸ்மான் திக்னாவின் ஹதெந்தோவா பழங்குடி வீரர்கள் ஈட்டியும் வாளும் கொண்டே பிரிட்டிஷ் சதுரத்தை உடைத்தார்கள். அபு கிளேயாவிலும் சதுரம் உடைந்தது. தங்கள் மண்ணில் நின்று போரிட்ட அவர்களை வைக்காமல், வந்திறங்கிய படையை மட்டும் அலமாரியில் நிறுத்தினால் பாதிக் கதைதான் அங்கே இருக்கும்.

விக்டோரியா காலத்திலேயே வார்க்கப்பட்ட அசல் பொம்மைகளைச் சேகரிக்க விரும்புவோர் போக வேண்டிய இடம் வேறு. வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் தொடங்கிய உள்ளீடற்ற ஈய வார்ப்புப் பொம்மைகள் 54 மி.மீ. அளவின, பளபளக்கும் எனாமல் பூச்சு கொண்டவை. அவற்றைத் தூரிகையால் தொடவே கூடாது. மேலே பூசினால் அதன் பழமையும் மதிப்பும் சேர்ந்தே அழியும். ஓக் மர அலமாரியிலும் வைக்கக் கூடாது. அம்மரத்திலிருந்து வெளிப்படும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடும்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வரவழைப்பவர்கள் பெட்டியின் விலையோடு தபால் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். நண்பர்கள் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் சுமை கணிசமாகக் குறையும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமரும் (அடிப்பூச்சு) பளபளப்பற்ற மேட் வார்னிஷும் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் பட்டால் வார்னிஷ் வெண்மையாகப் பூத்துப்போகும். தூரிகையால் பூசும் பிரைமர் எந்தப் பருவத்துக்கும் ஏற்றது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் களத்தோடு நேரடித் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 1885 மார்ச் 22இல் சுவாகினுக்கு அருகே தோஃப்ரெக்கில், முள்வேலி அரண் இன்னும் முடியாத நிலையில் திடீர்த் தாக்குதல் நேர்ந்தபோது, பெர்க்‌ஷயர் படைப்பிரிவோடும் இந்தியக் காலாட்படைகளோடும் மதராஸ் சாப்பர்களும் (படைப் பொறியாளர்கள்) அங்கே இருந்தார்கள். படையில் ‘தம்பி’ என்று அழைக்கப்படும் அதே சாப்பர்கள்தான். அந்தச் சண்டைக்காகப் பெர்க்‌ஷயர் பிரிவுக்கு ‘ராயல்’ பட்டம் கிடைத்தது. பெர்க்‌ஷயர் வீரர்களை இந்தப் பெட்டியிலிருந்தே செய்துவிடலாம், சாப்பர்களுக்கு இதில் உருவம் இல்லை. தலைப்பாகை அணிந்த தலைகளையும் மண்வெட்டி, கோடரி போன்ற கருவிகளையும் வேறு தொகுப்புகளிலிருந்து தேடிச் சேர்த்து, பசைக்களிமண்ணால் திருத்தித்தான் அவர்களை உருவாக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆயினும் தோஃப்ரெக்கை மேசையில் அமைக்க எண்ணும் தமிழர் எவரும் அதைத் தவிர்க்கக் கூடாது என்பேன்.