சோனி ஆல்பா 9-3ஆ, நிக்கான் இசட்8ஆ?

2023 மே மாதம் நிக்கான் இசட்8 வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆல்பா 9 வரிசையின் மூன்றாம் கேமராவை சோனி அறிவித்தது. இரண்டிலும் ஒளியைத் திறந்து மூடும் இயந்திர ஷட்டர் இல்லை. ஒற்றுமை ஏறக்குறைய அத்துடன் சரி.

நிக்கானின் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, மிக வேகமானது, ஆனாலும் படத்தை வரிவரியாகத்தான் வாசிக்கிறது. சோனியில் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் பதிவாகின்றன. இதுவே குளோபல் ஷட்டர். வீசப்படும் மட்டை வளைந்து தெரியாது. எனக்குப் பெரிதாகப் படுவது ஃபிளாஷ்தான். நிக்கானில் ஃபிளாஷுடன் முழு வலுவில் எடுக்கக்கூடிய ஷட்டர் வேகம் விநாடியில் 200இல் ஒரு பங்கு, மிஞ்சினால் 250இல் ஒரு பங்கு. அதற்கு மேல் ஃபிளாஷின் வலு குறையும். சோனியில் 80,000இல் ஒரு பங்கு வரை அந்த வரம்பே கிடையாது. உச்சிவெயிலில் மணமக்களை நிறுத்திப் படமெடுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இதற்கு விலையும் உண்டு. சோனியின் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 250, நிக்கானுடையது 64. நிழல் பகுதிகளைப் பின்னர் வெளிச்சமாக்கும்போது இந்த வேறுபாடு தெரியும்; சோனியில் புள்ளிப்புள்ளியான இரைச்சல் கூடுதல். சோனியின் 24.6 மெகாபிக்சலுக்கு எதிரே நிக்கானின் 45.7 மெகாபிக்சல், அறிமுக விலையோ 6,000 டாலருக்கு எதிரே 4,000 டாலர்.

சோனி விநாடிக்கு 120 ரா (RAW, சென்சார் தரும் பதப்படுத்தாத கோப்பு) படங்கள் எடுக்கும், நிக்கான் 20. அந்த 120இல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நள்ளிரவு வரை யார் உட்காருவது? விளையாட்டே தொழில் என்றால் சோனி. கல்யாணம், காடு, நிலக்காட்சி என்று அலைபவர் நிக்கானை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல லென்ஸ் வாங்கலாம்.