பழுது பேட்டரியிலா, அளவீட்டிலா?

புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது. மார்ச், செப்டம்பரை ஒட்டி வரும் கிரகணக் காலம். உச்ச நாளில் சுமார் 72 நிமிடம் பேட்டரிதான் கதி. அந்த நேரம் பார்த்து டெலிமெட்ரியில் (செயற்கைக்கோள் தரைக்கு அனுப்பும் அளவீடுகளில்) பேட்டரி மின்னழுத்தம் குறைவு, வெப்பநிலை அதிகம் என்று வருகிறது. பழுது கண்டறியும் வல்லுநர் அமைப்பு, அதாவது வல்லுநரைப் போல முடிவு சொல்லும் மென்பொருள், என்ன சொல்ல வேண்டும்? உறுதியில்லாத சாட்சிகளை எடைபோடச் சில வழிகள் உண்டு.

பழைய வழி, நிச்சயக் காரணி: ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் எண். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் தொற்றுநோய்களுக்காக எழுதிய மைசின் என்ற வல்லுநர் அமைப்பில் வந்தது. விதி எழுதுவது சுலபம்: மின்னழுத்தம் குறைந்தால் செல் பழுது 0.6, சூடு ஏறினால் 0.5. சேர்த்தால், 0.6 போக மீதியிருக்கும் 0.4-இல் பாதி கூடும்: 0.6 + 0.5 × 0.4 = 0.8. சரி, இரண்டு அளவீடும் ஒரே அனலாக்-டிஜிட்டல் மாற்றி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சுற்று) வழியாக வந்தால்? மாற்றி ஒப்பிட்டு அளக்கும் ஆதார மின்னழுத்தம் சற்று ஏறினாலே எல்லா எண்களும் குறைந்து வரும். சூடேறினால் மின்தடை குறையும் தெர்மிஸ்டர் என்ற வெப்ப சென்சாரில், குறைந்த எண்ணுக்குச் சூடு என்று அர்த்தம். ஆக, பேட்டரி நன்றாக இருக்கும்போதே ஒரே பொய்யை இரண்டு சாட்சிகள் சொல்ல, 0.8 வந்துவிடுகிறது.

பேய்ஸ் வலை என்பது எது எதற்குக் காரணம் என்று நிகழ்தகவுகளோடு காட்டும் படம். அதில் அந்த மாற்றியை இரண்டு அளவீடுகளுக்கும் பொதுக் காரணமாக வரையலாம். அதே மாற்றி வழியே வரும் வேறொரு சேனலும் தாழ்ந்திருந்தால், பேட்டரி மீதான சந்தேகம் தானாக இறங்கும். விலை உண்டு: முன்நிகழ்தகவுகள் வேண்டும், அதாவது அளவீட்டைப் பார்க்குமுன்பே ஒவ்வொரு பழுதுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்ற எண்கள். விண்ணில் பழுதான செல்கள் எத்தனை இருக்கும், கணக்கெடுக்க? பாதி எண்கள் பொறியாளரின் அனுபவ ஊகம்தான்.

டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் முறை 'தெரியாது' என்பதை ஒப்புக்கொள்ளும். 'செல் அல்லது சென்சார்' என்ற ஜோடிக்கு 0.7 கொடுத்து, மீதி 0.3-ஐ எதிலும் சேர்க்காமல் வைக்கலாம். ஆனால் சாட்சிகள் முட்டிக்கொண்டால் ஆபத்து. கணினி அறிவியலாளர் லோட்ஃபி ஸாதே காட்டிய கணக்கு இது: ஒருவர் 'அ' 0.99, 'ஆ' 0.01 என்கிறார், மற்றவர் 'இ' 0.99, 'ஆ' 0.01 என்கிறார். இந்த முறையின் விதிப்படி சேர்த்தால், இருவருமே ஏறக்குறைய நம்பாத 'ஆ'வுக்கு முழு 1 கிடைக்கிறது!

ஆம், இல்லை என்று மட்டுமில்லாமல் 'ஓரளவு' என்பதையும் எண்ணாக்கும், அதே ஸாதேயின் ஃபஸ்ஸி லாஜிக்கையும் இந்த வரிசையில் நிறுத்துவார்கள். 'சூடு அதிகம்' என்றால் எவ்வளவு அதிகம் என்ற கேள்விக்கு அது உதவும். செல்லா சென்சாரா என்பதற்கு உதவாது.

மின் அமைப்புக்கு நான் பேய்ஸ் வலையைத்தான் எடுப்பேன். எண்கள் ஊகமானாலும் எந்த ஒயர் எதில் சேர்கிறது என்பது மின்சுற்று வரைபடத்தில் உறுதியாக இருக்கிறதே. முன் அனுபவமே இல்லாத புதுக் கருவிக்கு மட்டும் டெம்ப்ஸ்டர்-ஷேஃபர். அதிலும் முரண்பாட்டின் அளவு ஏறினால் விடை காட்டாமல் ஆளைக் கூப்பிடச் சொல்வேன்.