கவுனரிசியும் நானும்: ஐந்தாண்டுக் கணக்கு

காரைக்குடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். துருவைப் பார்த்துப் பார்த்தே முப்பது ஆண்டு ஓடிவிட்டது. அதனால்தானோ என்னவோ, 2020 கடைசியில் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, 'உடம்புக்குள் பிடிக்கும் துருவைத் தடுக்கும்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு மாத்திரை என்னைச் சட்டென்று மடக்கிவிட்டது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 6.2 சதவீதம். நோய் இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார் மருத்துவர். தினமும் நடக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். இரண்டும் காசில்லாத யோசனைகள் என்பதால் எனக்கு அவற்றின் மேல் மரியாதை வரவில்லை.

மாத்திரை, திராட்சை விதைச் சாற்றில் செய்தது. ஒரு புட்டி ஆயிரத்து நானூறு ரூபாய். எட்டு மாதம் விழுங்கினேன். நன்மையும் தெரியவில்லை, தீமையும் தெரியவில்லை. பெட்டியில் 'ஓராக்' என்று ஓர் எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஒரு பொருள் ஆக்சிஜனேற்றத்தை, அதாவது துருப்பிடிப்பது போன்ற வேதி மாற்றத்தை, எவ்வளவு தடுக்கிறது என்று சோதனைக் குழாயில் அளந்து சொல்லும் எண் அது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு காலத்தில் உணவுப் பொருள்களுக்கெல்லாம் இந்த எண்ணைப் பட்டியல் போட்டு வைத்திருந்தது. 2012இல் அதை எடுத்தும் விட்டது. குழாயில் கிடைக்கும் எண்ணை வைத்து உடம்பில் நடப்பதைச் சொல்ல முடியாது, வியாபாரிகள்தான் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் புட்டி வாங்கியது அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், ஊர் வழக்கில் சொன்னால் சிக்ரியில், அரிமானப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அந்தச் சுவரை ஒட்டித்தான் இத்தனை நாளும் சைக்கிளில் போய் வந்திருக்கிறேன். உள்ளே துருவைப் பற்றியும் படிக்கிறார்கள் என்பது அதுவரை மண்டையில் ஏறவில்லை.

அண்ணன் சொன்ன விளக்கம் கடைக்காரனுக்கு ஏற்றது. மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாயோடு ஒரு துத்தநாகக் கட்டியை இணைத்துவிட்டால், குழாய் இழக்க வேண்டிய எலக்ட்ரானைக் கட்டி தான் கொடுத்துவிட்டுக் கரையும், குழாய் தப்பிக்கும். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் செய்வதும் ஏறக்குறைய இதுதான். உடனே அவரே அதை மறுக்கவும் செய்தார். "உடம்பு குழாய் இல்லை தம்பி. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதற்கே, துருப்பிடிக்க வைக்கும் அந்த ஆக்சிஜன் பொருள்களைத் தயாரிக்கின்றன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் யார் காவல்?" உடம்புக்கென்று சொந்தத் துத்தநாகக் கட்டிகளும் உண்டாம்: குளூட்டாதயோன், கேட்டலேஸ், 1969இல் கண்டறிந்த சூப்பர் ஆக்சைடு டிஸ்மூட்டேஸ் என்று வரிசையாகச் சொன்னார். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிறம்தானே வேண்டும்? வீட்டில் கவுனரிசி இல்லையா?" என்றார்.

அந்தக் கறுப்பு அரிசி இருந்தது, ஆனால் பண்டிகைக்கு மட்டும். செட்டிநாட்டில் கவுனரிசி என்றால் கல்யாண இலையில் பணியாரத்துக்குப் பக்கத்தில் வரும் இனிப்பு: சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலக்காய், தாராளமாக நெய். கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்காக, பர்மா போன நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த அரிசி என்று சொல்வார்கள். பர்மியர்கள் ஒட்டரிசியைக் 'கௌக்ஞின்' என்கிறார்கள். அதுதான் கவுனியாயிற்று என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. என் அப்பத்தா இதை மருந்தென்று ஒரு நாளும் சொன்னதில்லை. "நல்ல நாளைக்குப் போடுவது" என்பதோடு முடித்துக்கொள்வார்.

2021 ஆவணியில் மாத்திரையை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு நான்கு நாள் மதியம் ஒரு கிண்ணம் கவுனரிசிச் சோறு, இனிப்பில்லாமல், என்று தொடங்கினேன். இன்று வரை விட்டதில்லை.

முதல் மாதம் சமையலறையில் சண்டைதான். அவசரத்துக்கு ஆகாத அரிசி இது. முதல் நாள் இரவே ஊற வேண்டும். ஊறியும் குக்கரில் ஏழு விசில் கேட்கும். என் மனைவி வழக்கம் போல ஊறிய நீரைக் கீழே கொட்டினாள். நாவல் பழத்தைப் பிழிந்தது போன்ற நீர் தொட்டியில் ஓடியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. காசு கொடுத்து வாங்கிய சரக்கே அதுதான். கருமை முழுவதும் தவிட்டில் இருக்கிறது. ஆந்தோசயனின் என்று பெயர், அதுவும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்தான். நீரில் கரையும். ஒரு மணியைப் பல்லால் உடைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை. தீட்டிவிட்டால் இதுவும் ஏறக்குறைய மற்ற அரிசிதான். அதனால் இப்போது முதலில் நன்றாகக் களைந்துவிட்டு, ஊறிய நீரிலேயே வேக வைக்கிறோம். வேகும்போதும் நிறத்தில் ஒரு பங்கு அழியத்தான் செய்யும், அதற்கு வழியில்லை.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. ஒரு நாள் என் வெள்ளை வேட்டியில் அந்த நீர் சிந்திவிட்டது. மனைவி சோப்புப் போட்டாள். ஊதாக் கறை கண்ணெதிரே நீலமாகி, ஓரங்களில் பச்சை தட்டியது. இருவரும் பயந்துவிட்டோம். அண்ணனிடம் ஓடினேன். சிரித்துக்கொண்டே ஓர் எலுமிச்சம்பழத் துண்டைத் தேய்த்தார். பச்சை போய் ரோஜா நிறம் வந்தது. புளிப்புக்குச் சிவப்பு, காரத்துக்கு நீலமும் பச்சையும். ஆந்தோசயனினின் குணம் அது. அன்றிலிருந்து புதிய மூட்டை வந்தால் ஊறிய நீரில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, நிறம் அசல்தானா என்று பார்ப்பது என் பழக்கம். வேட்டி தேறவில்லை, கடைக்குத் துடைதுணியாகப் போய்விட்டது.

இனி உடம்புக்கு வருகிறேன். பொன்னி அரிசிச் சோறு ஒரு கிண்ணம், அதே அளவு கவுனரிசிச் சோறு, இரண்டுக்கும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு என்று வைத்து வீட்டுக் கருவியில் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பொன்னிக்கு 178, கவுனிக்கு 151. வேறு நாள்களில் இரண்டு முறை பார்த்தபோதும் ஏறத்தாழ இந்த வித்தியாசம்தான். தேவகோட்டையில் ஒரு கல்யாணத்தில் சர்க்கரையும் நெய்யும் போட்ட கவுனரிசியைச் சாப்பிட்டு வந்து பார்த்தேன்: 214. கறுப்பாக இருந்தாலும் அரிசி அரிசிதான், சர்க்கரை சர்க்கரைதான். 'கவுனி சாப்பிட்டால் சுகர் வராது' என்று கல்யாண இனிப்பை இரண்டு முறை கேட்டு வாங்கும் உறவினர்களிடம் இந்த எண்ணைச் சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை.

மூன்று மாதச் சராசரி இப்போது 5.8. இதைக் கவுனரிசியின் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை. இதே ஐந்தாண்டில் காலையில் நாற்பது நிமிடம் நடக்கத் தொடங்கினேன், ஆறு கிலோ குறைந்தேன், காப்பியில் சர்க்கரையை விட்டேன். இந்த அரிசியை மென்றுதான் தின்ன வேண்டும். பழைய அளவில் பாதியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. ஆக, மருத்துவர் சொன்ன 'சோற்றைக் குறை' என்பதை நான் கறுப்பு வழியாகச் சுற்றி வந்து செய்திருக்கிறேன். உறுதியாக அரிசிக்கு வரவு வைக்கக்கூடியது ஒன்றுதான்: இருபது ஆண்டு மலச்சிக்கல் இரண்டே மாதத்தில் போனது. அதுவும் தவிட்டின் நார் செய்த வேலை, நிறத்தின் வேலை அன்று.

நிறம் என்னதான் செய்கிறது? நாம் தின்னும் ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்குதான் அதே உருவத்தில் இரத்தத்துக்குப் போகிறது. பெரும்பங்கைக் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் உடைத்துச் சிறு அமிலங்களாக்குகின்றன. அவற்றில் சில உள்ளே போகின்றன. அவை நேராகப் போய்த் துருவைத் துடைப்பதைவிட, உடம்பின் சொந்தக் காவலைத் தட்டி எழுப்புவதாகத்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள் என்கிறார் அண்ணன். என் கருவியில் அதை அளக்க வழியில்லை.

மாத்திரைப் பக்கத்திலோ அளந்து பார்த்த கணக்கே இருக்கிறது. எங்கள் கடையில் ஒருவர் பீடியை விடாமல், ஈடுகட்ட, கேரட்டில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பானான பீட்டா கரோட்டினை மாத்திரையாக வாங்கிக்கொண்டிருந்தார். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையை அவரிடம் சொன்னேன். 1994இல் முடிவு வந்தபோது, தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு சோதனையை 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட்டைத் தின்று யாருக்கும் இப்படி ஆனதாகக் கேள்வியில்லை. அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பீடி தொடர்கிறது.

எல்லாருக்கும் இந்த அரிசி ஒத்துவருமா என்றால், என் மாமியாருக்கு வரவில்லை. பல்செட்டில் மெல்ல முடியாது, கஞ்சியாக்கினால் குடிக்கிறார். எனக்கே முதல் மூன்று வாரம் வயிறு உப்பியது. இரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எடுக்கும் என் மகளுக்குக் கவுனி நாளில் மாத்திரை இரவில்தான். தேநீரைப் போலவே தவிட்டில் உள்ள பொருள்களும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

விலைதான் உறுத்துகிறது. தொடங்கும்போது கிலோ 130 கொடுத்தேன், இப்போது 180. பயிர் ஆள் உயரம் வளர்ந்து காற்றுக்குச் சாயும், நாளும் அதிகம், விளைச்சலும் குறைவு. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. மாதம் மூன்று கிலோ ஆகிறது, அந்தப் புட்டியின் விலையில் பாதிகூட இல்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும், வண்டும் வரும். ஆறு மாதச் சரக்கை ஒரே முறையில் வாங்கி நான் ஏமாந்தது போல ஏமாறாதீர்கள். நாளை செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டில் கவுனி நாள். மனைவி இப்போதுதான் கூப்பிட்டுச் சொன்னாள், அரிசியை நான்தான் களைந்து ஊறப் போட வேண்டுமாம்.