மால்ட் உடைக்கும் கை மில்: எட்டு மாதம் சுற்றிய பிறகு

பெங்களூர் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் ஃபிட்டர் வேலை, வீடு அல்சூரில். அதனால் இந்த மில்லை பீர் காய்ச்சுகிறவனாகவும் பார்க்கிறேன், இரும்பு வேலை தெரிந்தவனாகவும் பார்க்கிறேன்.

ஆன்லைனில் வாங்கிய இரண்டு ரோலர் கை மில் இது. விலை 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மேலே 3 கிலோ பிடிக்கிற புனல், கீழே வாளி மேல் உட்காரும் பலகை, பக்கத்தில் கைப்பிடி. எட்டு மாதத்தில் 11 தடவை இதில் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) உடைத்தாயிற்று. 11 தடவையும் ஒரே பீர்தான்: 10 லிட்டர் பேல் ஏல், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) தூக்கலாக.

மில் வருவதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் தடவை, உடைத்தே அனுப்புகிறோம் என்ற ஒரு கடையில் மால்ட் வாங்கினேன். ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினால், பத்து தானிய மணிக்கு மூன்று உடையாமல் முழுசாக இருந்தது. ரோலருக்குள் போய் வந்த அடையாளமே இல்லை. 2.25 கிலோ பேல் மால்ட், 150 கிராம் கிரிஸ்டல் மால்ட். சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.050 எதிர்பார்த்தேன், 1.038தான் வந்தது. மணிக்குள் இருக்கிற மாவுச்சத்தைத் தண்ணீர் தொடவே இல்லை என்றால் சர்க்கரை எங்கிருந்து வரும்?

ஹாப்ஸை மட்டும் கணக்குப்படி போட்டிருந்தேன். நான் போடுகிற கேஸ்கேட் வகை ஹாப்ஸின் மணம் பம்பளிமாஸ் தோலை நகத்தால் கிள்ளினது போல இருக்கும். அது அந்த பீரிலும் இருந்தது. ஆனால் வாயில் வைத்தால் கசப்பு மட்டும்தான் நாக்கில் நின்றது. பேல் ஏலில் கசப்பைத் தாங்கிப் பிடிப்பது மால்ட்டின் இனிப்பும் உடம்பும். அது குறைந்தால் அதே அளவு ஹாப்ஸ் இரண்டு மடங்காகத் தெரியும். ஹாப்ஸ் அதிகம் என்று நினைத்து அடுத்த தடவை அதைக் குறைக்க இருந்தேன். நல்லவேளை, தாளில் பரப்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

அடுத்த தடவை முழு மால்ட் வாங்கி மிக்சியில் போட்டேன். உள்ளிருக்கும் மாவு பொடியானது சரி, உமியும் தூளாகிவிட்டது. மால்ட்டைச் சுடுதண்ணீரில் ஊற வைக்கிற துணிப்பை, கஞ்சியில் நனைத்த வேட்டி மாதிரி அடைத்துக்கொண்டது. பிழிந்து எடுத்த பீரில் ஒரு துவர்ப்பு, வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தது போல. உமியிலிருக்கும் டானின் செய்கிற வேலை அது. உள்ளே நன்றாக நொறுங்க வேண்டும், உமி மட்டும் கிழியாமல் இருக்க வேண்டும். பிளேடோ மாவு மில் கல்லோ இதைச் செய்யாது. அழுத்தி உடைக்கிற ரோலர்தான் செய்யும்.

இனி மில். ரோலர் இரண்டிலும் நர்லிங் (பிடிப்புக்காக வெட்டிய சொரசொரப்பு) ஆழமாக, சீராக இருக்கிறது. இவ்வளவு சின்ன விட்டமுள்ள ரோலர் வழவழப்பாக இருந்தால் மணியை உள்ளே இழுக்காது, மேலேயே உருட்டிக்கொண்டிருக்கும். ஷாஃப்ட் பேரிங்கில் ஓடுகிறது, வெறும் புஷ்ஷில் இல்லை. இந்த விலைக்கு அது பெரிய விஷயம். 2.4 கிலோவைக் கையால் சுற்றி முடிக்கப் பத்து நிமிடம். ட்ரில் மெஷின் மாட்டியும் பார்த்தேன். மெதுவாக ஓட்டினால் பரவாயில்லை, வேகம் கூடினால் உமி கிழிகிறது. கையே போதும்.

குறை என்றால், ரோலர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் காட்டும் குமிழ். 1.0 என்று குறி போட்ட இடத்தில் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தேன்: ஒரு முனையில் 1.25 மில்லிமீட்டர், இன்னொரு முனையில் 1.1. இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திருகுவதால் ரோலர் கோணலாக நின்றுவிடுகிறது. விற்றவரிடம் கேட்டேன், எல்லா மில்லும் அப்படித்தான் என்றார். ஒரு பொருளைச் செய்து குறி பொறித்து விற்கிறவர் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. தொழிலில் இருக்கிறவன் என்பதால் எனக்குக் கோபமே வந்தது. குறியை நம்பாதீர்கள். ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் வண்டி டேப்பெட் செட் பண்ணுகிற ஃபீலர் கேஜ் கிடைக்கும். அதை வைத்து இரண்டு முனையும் ஒன்றாக வருகிற வரை திருப்புங்கள். பையில் போட்டு மேஷ் செய்கிறவர்களுக்கு, அதாவது சுடுதண்ணீரில் ஊற வைக்கிறவர்களுக்கு, 0.8 சரியாக இருக்கும். பை இல்லாமல் உமிப் படுகையிலேயே வடிகட்டுகிறவர்கள் 1.0, 1.1 வைக்கலாம். உடைத்தது சம்பா கோதுமை ரவை பதத்தில் விழும், உமி காலித் தோலாக மேலே கிடக்கும்.

அம்மா தர்மபுரிப் பக்கம். நான் சுற்றுவதை ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா காய்ஞ்சதை அப்படியே போடுற? கம்பு குத்தறப்போ தண்ணி தெளிச்சுப் பிசிறித்தானே உரல்ல போடுவோம். அப்பதான் தவிடு நொறுங்காது"ன்னாங்க. பெரிய ஆலைகளிலும் சில இடங்களில் மால்ட்டை இப்படி லேசாக ஈரப்படுத்தித்தான் உடைக்கிறார்கள். எடையில் 2 சதவீதம் தண்ணீர் போதும். 2.4 கிலோவுக்கு 50 மில்லி எடுத்து, ஸ்ப்ரே பாட்டிலில் தெளித்துக் கிளறி, பத்து நிமிடம் மூடி வைக்கிறேன். உமி தோல் மாதிரி வளைகிறது, கிழிவதில்லை. அம்மா சொன்ன நாளிலிருந்து ஒரு தடவைகூட இதை விட்டதில்லை.

இப்போது வரும் கணக்கு: அதே 2.4 கிலோ, 16 லிட்டர் காவிரித் தண்ணீர், 66 டிகிரியில் ஒரு மணி நேரம். கடைசியில் ஒரு சொட்டு எடுத்து டிங்சர் அயோடின் விட்டுப் பார்ப்பேன், கருநீலம் வராவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டது. ஹைட்ரோமீட்டர் 1.050. காவிரித் தண்ணீரில் உப்புகள் குறைவு, அதனால் ஹாப்ஸ் கூர்மையாகத் தெரிய 4 கிராம் ஜிப்சம். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், கசப்பு இறங்கக் கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும். 60 நிமிடத்துக்குப் பதில் 70 கொதிக்க விடுகிறேன். கேஸ்கேட் முதலில் 12 கிராம், இறக்க 15 நிமிடம் இருக்கும்போது 15 கிராம், அடுப்பை அணைத்ததும் 20 கிராம், நொதித்து முடியும்போது 30 கிராம். யு.எஸ்-05 ஈஸ்ட். பழைய ஃபிரிட்ஜில், எஸ்.பி. ரோட்டில் வாங்கின டெம்பரேச்சர் கன்ட்ரோலரோடு, 19 டிகிரியில் வைக்கிறேன். ஹைட்ரோமீட்டர் 1.011க்கு இறங்கி நிற்கும். ஆல்கஹால் 5 சதவீதம் சொச்சம்.

ஹாப்ஸ் கணக்கை முதல் தடவையிலிருந்து ஒரு கிராம்கூட மாற்றவில்லை. இப்போது அதே கசப்பு, பிஸ்கட் மாதிரி ஒரு மால்ட் வாசனைக்குப் பின்னால் வந்து, சுத்தமாக முடிகிறது. பம்பளிமாஸ் மணம் கண்ணாடி டம்ளரை மூக்குக்குக் கொண்டு போகும்போதே எழும்புகிறது. முதல் மடக்கில் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காய்ச்சுகிறவர்களுக்கு இது வேண்டாம், உடைத்த மால்ட்டைத் தாளில் பரப்பிப் பார்த்து வாங்கினால் போதும். மாதம் ஒரு தடவையாவது என்றால், ஸ்டீல் குழாய் வைத்த பாத்திரத்துக்கும் பம்புக்கும் முன்னால் இதை வாங்குங்கள். உடைக்காத மால்ட் காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும், உடைத்தது சீக்கிரம் வாசனை இழக்கும்.

புதிதாக வந்ததும் அரை கிலோ மால்ட்டை ஓட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், ரோலரில் மெஷினிங் எண்ணெய் இருக்கும். அதற்குப் பிறகு ரோலரைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, பிரஷால் தட்டிவிட்டால் போதும். என்னுடையதற்கு பெயின்ட் அடிக்கிற 2 இன்ச் பிரஷ் ஒன்று ஒதுக்கி, புனலுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.