ஆர்கேட் ஸ்டிக்கோடு நான்கு வருடம்

வீடியோ கேம் ஆட லீவரும் பட்டன்களும் வைத்த இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்த முதல் வாரத்தில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். எட்டாவது மாதத்தில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இரண்டும் அடங்கிய பிறகு எழுதுவதுதான் நியாயம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன்.

ஏன் வாங்கினேன் என்பதற்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடைதான் காரணம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். உள்ளே நான்கு மெஷின். அதில் இரண்டில்தான் எப்போதும் கூட்டம். ஒன்று 'முஸ்தபா'. கேப்காம் 1993இல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்பதுதான் அதன் நிஜப் பெயர் என்று தெரிய எனக்குப் பத்துப் பதினைந்து வருடம் ஆனது. மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபாவை யார் எடுப்பது என்று சண்டை வரும், அந்தப் பெயரே கேமுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, இருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை கேம். அங்கே சட்டம் ஒன்றுதான்: தோற்றவன் எழுந்திருக்க வேண்டும்.

எங்கள் கடையில் இருந்தது அசல் பதிப்பு அல்ல, யாரோ கைவைத்த திருட்டு போர்டு. ஸ்டார்ட்டை அழுத்தினால் சண்டைக்கு நடுவிலேயே ஆள் மாறும், ஆகாயத்தில் இருந்தபடியே ஹடூகென், அதாவது கையிலிருந்து பாயும் ஒளி உருண்டை, விடலாம். அசலை முதன்முதலாகப் பார்த்தபோது, ஏதோ குறைகிறதே என்றுதான் தோன்றியது!

சரி, பெட்டிக்கு வருவோம். கணினியில் யுஎஸ்பி-யில் செருகும் ஆர்கேட் ஸ்டிக். இடப்பக்கம் உருண்டைத் தலை வைத்த லீவர், வலப்பக்கம் எட்டு பட்டன். இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. மடியில் வைத்து ஆடினால் அரை மணியில் தொடை மரத்துவிடும், மேசைதான் சரி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எட்டாவது மாதத்தில் லீவரின் கீழ்த்திசை வேலை செய்யாமல் போனது. உட்கார நினைத்தால் என் ஆள் நின்றுகொண்டே அடி வாங்குவான். வாரண்டி கேட்டு எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை.

அப்போதுதான் அடித்தட்டின் ஆறு திருகையும் கழற்றிப் பார்த்தேன். லீவர் என்பது நாம் நினைப்பதைவிட எளிமையான பொருள். ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், நாலு பக்கமும் நாலு மைக்ரோஸ்விட்ச். தண்டு சாயும் பக்கத்து ஸ்விட்ச் 'க்ளிக்' என்கிறது, மூலைக்குச் சாய்ந்தால் இரண்டு ஸ்விட்ச் சேர்ந்து. அவ்வளவுதான். தேய்ந்த ஸ்விட்சை மட்டும் மாற்றாமல், லீவரையே எடுத்துவிட்டு ஜப்பானின் சான்வா ஜேஎல்எஃப் போட்டேன். கூடவே அவர்களுடைய 30 மில்லிமீட்டர் பட்டன்களும். சாலிடரிங் எதுவும் தேவைப்படவில்லை, வயர்களைக் கையால் செருகினாலே போதும். உருண்டையைக் கழற்ற, தண்டின் அடியில் உள்ள பிளவில் தட்டை ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மேலே திருகவேண்டும். அதுவரை எல்லாம் சுகம். பிறகு ஒருநாள் கிரீஸ் போடுகிறேன் என்று, தண்டைப் பிடித்து நிறுத்தும் குட்டி இரும்புக் கொக்கியை நெம்பினேன். பறந்து கட்டிலுக்கு அடியில் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. அதைக் கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு ஸ்விட்ச்கூடத் தகராறு செய்யவில்லை.

பழக்கத்துக்கு வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஊர்க் கடையின் லீவர் முரட்டுத்தனமாக இழுத்தால்தான் அசையும். இதுவோ விரல் பட்டாலே சாய்கிறது. தண்டு ஆடும் துளை சதுரம் என்பதால் மூலைகள்தான் குறுக்குத் திசைகள். பழைய வேகத்தில் இழுத்தால் ஷோர்யூகென், அதாவது எகிறி விடும் குத்து, வரவேண்டிய இடத்தில் ஹடூகென் வரும். விரல்களால் பிடிக்கக் கற்ற பிறகுதான் சரியாயிற்று.

கையை விட்டால் அடுத்த தலைவலி, பட்டனை அழுத்தியது திரையில் தெரிய ஆகும் தாமதம். இந்த வகை கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படங்களாக ஓடுகின்றன, ஒரு ஃபிரேமுக்கு 17 மில்லிநொடிகூட இல்லை. கடையில் இருந்த பழைய டியூப் திரையில் அந்தக் கவலையே கிடையாது. வீட்டு டிவியில் அந்தத் தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்' போடாமல் ஆறு மாதம் ஆடி, வயதாகிவிட்டது என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

ஆன்லைனில் இதைவிடப் பெரிய மாற்றம் ரோல்பேக். எதிராளி அடுத்து என்ன அழுத்துவான் என்பதைக் கேமே ஊகித்து ஓடிக்கொண்டிருக்கும். ஊகம் தப்பானால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். டோனி கேனன் என்பவர் இந்த முறையை ஜிஜிபிஓ என்ற பெயரில் உருவாக்கினார். 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 முழுக்க இப்படித்தான் இயங்குகிறது. சிங்கப்பூரில் இருப்பவரோடு இரவு ஆடுகிறேன், போய்வர 60 மில்லிநொடி, ஏறத்தாழ நான்கு ஃபிரேம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு ஆடுவதுபோலத்தான் இருக்கிறது. அதே கேமில் 'பேட்டில் ஹப்' என்று ஒரு கூடம் உண்டு. நம் பொம்மை அங்கே நடந்துபோய் ஆர்கேட் மெஷின் முன்னால் உட்காரும், மற்றப் பொம்மைகள் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும். ஊதுபத்தி வாசனையும் கடைக்காரரின் அதட்டலும்தான் பாக்கி.

அதே 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்குப் பதக்கமே கொடுத்தார்கள். தங்கம் வாங்கிய தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு வயது 44! இறுதியில் தைவான் வீரரை 4-3 என்று வென்றார். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வெளியானபோது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நானும் கிட்டத்தட்ட அந்த வயதுக்காரன் என்பதால் அன்று வீட்டில் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

அந்த உற்சாகத்தில் லீவர்லெஸ் ஒன்றும் வாங்கினேன். லீவருக்குப் பதிலாக நான்கு திசைக்கும் நான்கு பட்டன், குதிப்பது கட்டைவிரலால். திசை மாற்ற எதையும் நகர்த்த வேண்டாம் என்பதால் வேகமும் துல்லியமும் கூடுதல். லீவரில் முடியாததுபோல இதில் இடமும் வலமும் ஒன்றாக அழுத்தலாம், அப்படி அழுத்தினால் ஒன்று மற்றதை வெல்லக்கூடாது என்று கேப்காம் தன் போட்டிகளுக்கு விதியே வைக்கவேண்டி வந்தது. 2004இல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில், சாவின் விளிம்பில் நின்ற கென் என்ற பாத்திரத்தை வைத்து, எதிராளி ஆடிய சுன்-லியின் பதினைந்து அடியையும் ஒன்றுவிடாமல் தட்டிவிட்டாரே டைகோ உமேஹரா, அவரே இப்போது லீவர்லெஸ்தான். போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். என் தரவரிசையும் அதில்தான் ஏறியது. ஆனால் தட்டச்சு செய்வதுபோல் இருந்தது, மூன்று மாதத்தில் லீவருக்கே திரும்பிவிட்டேன்.

இதையெல்லாம் விட எரிச்சலான விஷயம் என் மகள். பன்னிரண்டு வயது. சாதாரண கேம்பேட், அதில் 'மாடர்ன்' கண்ட்ரோல். ஒரே பட்டனில் ஷோர்யூகென். அப்படி அழுத்தினால் அடியின் வலு இருபது சதவீதம் குறையும் என்பதுதான் தண்டனை. குறைந்த வலுவிலேயே என்னைப் பத்தில் ஆறு முறை வீழ்த்துகிறாள். "எதுக்குப்பா அவ்ளோ சுத்துற?" என்று வேறு கேட்கிறாள்.

கடைசியாக, சத்தம். இதை எந்த விமர்சனத்திலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. மைக்ரோஸ்விட்ச் போடும் 'சடசட' இரவில் பக்கத்து அறை வரை கேட்கும். அடியில் துண்டை மடித்து வைத்துப் பார்த்தேன், பெரிய பயனில்லை. லீவர்லெஸ்ஸில் பாதிச் சத்தம்தான். அதனால் விற்காமல் வைத்திருக்கிறேன். பத்து மணி வரை லீவர், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு அது.